எல்லைக் கோடும் எங்கள் அண்ணனும்

ஐயம்பேட்டைத் தறிக்குழியிலே அமர்ந்திருக்கும் தோழனைக் கேளுங்கள். பாவிலே இழை குறைந்தால் என்ன ஆகும்? சேலையின் அகலம் குறையும், கூலியிலே பிடித்தம் விழும் என்பான். இழையின் அருமை நெய்பவனுக்குத் தெரியும். நாடாளுமன்றம் என்னும் பாவிலே தமிழகத்தின் இழை இரண்டு அறுந்த கதை ஒன்று உண்டு. அதை, காஞ்சி மண் ஈன்றெடுத்த அண்ணாவின் வாழ்வோடு சேர்த்துச் சொல்வதே முறை.

1909 செப்டம்பர் 15-இல் காஞ்சியிலே, நெசவாளர் குடும்பத்திலே பிறந்தார் அண்ணா. செல்வம் இல்லை, சீமான்களின் சிபாரிசு இல்லை. பச்சையப்பன் கல்லூரியிலே படித்துப் பட்டம் பெற்றார். ஏட்டிலே எழுதினார், மேடையிலே முழங்கினார், நாடகத்திலே நடித்தார். 1942-இல் 'திராவிட நாடு' ஏட்டைத் தொடங்கினார். 1949-இல் கழகம் கண்டார். 1953-இல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் அடுப்பு அணைந்து கிடந்தபோது, துணியைத் தோளிலே சுமந்து தெருவிலே கூவி விற்றார்.

1957-இல் கழகம் முதன்முதலாகத் தேர்தல் களம் புகுந்தது. காஞ்சி அண்ணாவைச் சட்டமன்றம் அனுப்பியது. கழகத்தார் 15 பேர் வென்றனர். 1962-இல் அந்த 15, 50 ஆயிற்று. ஆனால், காஞ்சியிலே அண்ணா தோற்றார்! ஊரை வெறுத்தாரா? இல்லை. தீர்ப்பை ஏற்றார், மாநிலங்களவைக்குச் சென்றார், தமிழகத்தின் குரலை டில்லியிலே ஒலித்தார்.

அந்த நாளிலேதான் கோடு கிழிக்கும் வேலை நடந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்களை எண்ணுவது, எண்ணி முடித்ததும் தொகுதிகளைத் திருத்துவது என்பது அரசியல் சட்டம் வகுத்த வழி. 1961 கணக்கெடுப்பை வைத்து 1963-இல் ஆணையம் அமைத்தார்கள். பத்தாண்டிலே இந்தியாவின் மக்கள்தொகை 21 விழுக்காட்டுக்கு மேல் பெருகியிருந்தது. நம் மாநிலமோ ஏறத்தாழ 12 விழுக்காடுதான். விளைவு என்ன? சட்டமன்ற இடங்கள் 206-இலிருந்து 234 ஆயின. மக்களவை இடங்களோ 41-இலிருந்து 39 ஆகச் சுருங்கின!

கோடே மாறக்கூடாது என்பதா நம் வாதம்? அல்ல, தோழர்களே! இங்கிலாந்திலே 1832 வரை, குடியிருப்பற்ற பழைய சாரம் மேட்டுக்கு இரண்டு உறுப்பினர். ஆலைத் தொழிலாளர் நிறைந்த மான்செஸ்டருக்கு ஒருவரும் இல்லை! கோடு மாறாவிட்டால் வரும் கேடு அது. அதனால்தான் ஆஸ்திரேலியா ஏழாண்டுக்கு ஒருமுறையேனும் திருத்துகிறது. பிரிட்டன் எட்டாண்டுக்கு ஒருமுறை, அமெரிக்கா பத்தாண்டுக்கு ஒருமுறை. மாநிலத்துக்குள்ளே கோட்டைத் திருத்துங்கள், வரவேற்கிறோம். 2008-இல் அப்படித்தான் திருத்தினார்கள். 39 அப்படியே நின்றது. மாநிலத்தின் பங்கையே வெட்டுவது வேறு. அது அளவோடு பெற்றவனுக்கு அபராதம், அறிவுரை கேட்டவனுக்குத் தண்டனை!

இரண்டு இடம் பறிபோன வரைபடத்திலேதான் 1967 தேர்தல் நடந்தது. அண்ணா தென்சென்னையிலே மக்களவைக்கு நின்று வென்றார். கழகம் போட்டியிட்ட 25 மக்களவைத் தொகுதிகளையும் கைப்பற்றியது. சட்டமன்றத்திலே 137 இடம் பெற்றது. மார்ச் 6-இல் நெசவாளர் வீட்டுப் பிள்ளை முதலமைச்சர் ஆனார். ஜூலையிலே தமிழ்நாடு என்று பெயரிடத் தீர்மானம் நிறைவேற்றினார். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் தந்தார், இருமொழிக் கொள்கை தந்தார். 1969 பிப்ரவரி 3-இல் நாடே கதற மறைந்தார்.

வெற்றி வந்தது, போன இரண்டு இடம் வரவில்லை! 2024-இல் நம் அணி 39-ஐயும் வென்றது. வென்றும் 39 தானே? 40-ஆவது இடம் எங்கே, 41-ஆவது எங்கே?

1976-இல், 1971 கணக்கின்படி அமைந்த இடங்களை மாற்றாமல் நிறுத்திவைத்தார்கள். 2002-இல் நடைமுறைக்கு வந்த 84-ஆம் திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டியது. அந்தக் கெடு நம் தலைமுறையின் வாசலுக்கு வந்துவிட்டது.

தேர்தலிலே தோற்றால் அடுத்த தேர்தலிலே வெல்லலாம். அண்ணா வென்று காட்டினார். எண்ணிக்கையிலே தோற்றால்? ஐயம்பேட்டைத் தோழனே, நெய்யும்போது ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுகிறாயே, அந்த விழிப்பு நாட்டுக்கும் வேண்டும்!