முள் சொன்ன செய்தி

ஜூரோங் ஏரித் தோட்டத்தில் விளையாடும்போது காலில் முள் தைத்தால், அந்த இடம் சிவந்து வீங்கும். ஏன்? அதற்கு விடை தேடியவர் இலியா மெச்னிகோவ்.

1882ஆம் ஆண்டு, இத்தாலியின் மெசினா நகரில் ஒருநாள் குடும்பத்தார் சர்க்கஸ் பார்க்கச் சென்றிருந்தனர். அவர் மட்டும் நுண்ணோக்கியோடு வீட்டில் இருந்தார். கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முட்களைச் செருகினார். அன்றிரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் பார்த்தார். முட்களைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன!

நம் வெள்ளை அணுக்களும் இவ்வாறே கிருமிகளைச் சூழ்ந்து, விழுங்கி, செரித்து அழிக்கின்றன என்றார் அவர். அவை கிருமிகளைப் பரப்புவதாக நம்பிய மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. கிருமிகளைக் கொல்வது இரத்தநீரே என்றனர் வேறு சிலர். வாதம் பல ஆண்டுகள் நீடித்தது. இரத்தநீரிலுள்ள சில பொருள்கள் ஒட்டிய கிருமியை வெள்ளை அணுக்கள் எளிதில் விழுங்கும் என்பது பின்னர் தெரியவந்தது. 1908இல் மெச்னிகோவும், இரத்தநீரை ஆராய்ந்த பவுல் எர்லிக்கும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.