மணலில் எழுதிய மௌனி

புதுக்கோட்டைச் சீமையில் வளர்ந்தவர்களுக்குச் சதாசிவ பிரம்மேந்திரர் என்னும் பெயர் புதிதன்று. ஆயினும் கச்சேரிகளில் பாடப்படும் கீர்த்தனங்களின் ஆசிரியராகவே நம்மில் பலர் அவரை அறிவோம். பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரங்களுக்கு உரை கண்ட அறிஞர் அவர் என்பதை நான் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன். அலைபாயும் மனத்தை அமைதிப்படுத்துவது எப்படி என்னும் கேள்வி, தேர்வு நெருங்கும்போது நம் எல்லோரையும் வாட்டுகிறது. அதற்கு அவர் வாழ்க்கையே விடை எனத் தோன்றியதால் இதனை எழுதத் துணிந்தேன்.

அவருடைய இளமைப் பெயர் சிவராமகிருஷ்ணன். கல்வி பயின்ற இடம் காவிரிக் கரையிலுள்ள திருவிசநல்லூர் என்பர். தஞ்சை மராட்டிய மன்னர் சகஜி, 1693-இல் அறிஞர் பலருக்கு மானியமாக அளித்த ஊர் அது. பரமசிவேந்திர சரஸ்வதியிடம் துறவு பெற்ற சீடர், வாதத்தில் எவரையும் வெல்லும் வல்லமை உடையவராக விளங்கினார். குருவைக் காண வந்த அறிஞர்களையும் அவர் வாதுக்கிழுத்து மடக்கவே, வாயை அடக்க என்றுதான் கற்றுக்கொள்ளப் போகிறாய் என்று குரு மனம் நொந்து கேட்டாராம். அக்கணமே சீடர் மௌனம் பூண்டார் என்பது மரபுச் செய்தி. வென்று பழகிய நாவுக்கு அதைவிடக் கடுமையான தவம் வேறென்ன இருக்க முடியும்?

ஆனால் வாய் மூடினால் மட்டும் மனம் அடங்கிவிடுமா? பதஞ்சலி யோகத்தின் இலக்கணமே சித்தத்தில் எழும் அலைகளை ஒடுக்குவதுதான். சரியான அறிவு, திரிபுணர்ச்சி, வெறும் கற்பனை, உறக்கம், நினைவு என அவ்வலைகள் ஐவகைப்படும். இடைவிடாத பயிற்சியும் பற்றின்மையும் சேர்ந்தே அவற்றை ஒடுக்கும் என்பது அந்நூலின் கருத்து. இயமம், நியமம் முதலாகச் சமாதி ஈறாக உள்ள எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவதுதான். உடலை வளைப்பதே யோகம் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். சதாசிவர் இந்நூலுக்கு எழுதிய உரையின் பெயர் யோக சுதாகரம்.

மௌனியானவர் பாடல் புனைந்தது எப்படி என்று ஐயுறலாம். அவருடைய மானஸ சஞ்சரரே என்னும் கீர்த்தனம் மனத்தையே விளித்துப் பாடுவது. அதில் அவர் மனத்தை வைது விரட்டவில்லை. உலாவுவதற்கு ஓர் உயர்ந்த இடத்தைக் காட்டுகிறார். யோக நூல் கூறும் தாரணையும் மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதே அன்றோ! இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உரைநூலில் விளக்கியதையே அவர் இசையிலும் தந்திருக்கிறார் என்று உணர்ந்தேன்.

அவர் நம் மண்ணுக்கு வந்த வரலாறு இனியது. 1730 முதல் 1769 வரை ஆண்ட விஜய ரகுநாதராயத் தொண்டைமான், ஆலங்குடிச் சாலையிலுள்ள திருவரங்குளத்துக் காட்டில் 1738-இல் அவரைக் கண்டு உபதேசம் வேண்டினார். மௌனம் கலையாமல், தட்சிணாமூர்த்தி மந்திரத்தை மணலில் எழுதிக் காட்டினார் சதாசிவர். மன்னர் அம்மணலைத் தம் மேலாடையில் அள்ளி வந்து அரண்மனையில் வைத்து வழிபட்டார். கோபாலகிருஷ்ண சாஸ்திரியாரை அழைத்து அவர் வழிகாட்டலைப் பெறுமாறும் மன்னருக்கு அறிவுறுத்தப்பட்டது. நவராத்திரியில் அரிசியும் அம்மன் காசும் வழங்கிய சமஸ்தான வழக்கத்தையும் இந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்துவர்.

என்னைக் கவர்ந்தது இதுதான். ஒரு நாட்டின் மன்னரே வந்து நின்றபோதும் அம்மௌனம் குலையவில்லை. ஆயினும் தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்பவுமில்லை. காட்டிலிருந்து மீண்ட மன்னரும் முடி துறக்கவில்லை. பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாட்டை ஆண்டார். ஆகவே மன அமைதி என்பது கடமையிலிருந்து தப்பியோடுவது ஆகாது.

கரூரை அடுத்த நெரூரில் சதாசிவரின் சமாதி உள்ளது. இன்றும் அங்கு ஆண்டுதோறும் ஆராதனை நிகழ்கிறது. மாணவ நண்பர்களே! நம்மில் எவரும் காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. வாதத்தில் வென்றே தீர வேண்டும் என்று நா துடிக்கும் வேளையில் ஒரு நொடி அதனை அடக்கிப் பார்ப்போம். சதாசிவரின் யோகமும் அந்த இடத்தில்தான் தொடங்கிற்று.