நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

இயல், இசை, நாடகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே முத்தமிழ். இவற்றுள் நாடகத் தமிழ் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு நலிந்த நிலையில் இருந்தது. தெருக்கூத்து ஊர்தோறும் நடந்தாலும், கூத்தாடிகளைப் படித்தவர்கள் மதிக்கவில்லை. கூத்தாடியின் வீட்டில் பெண் கொடுக்கவும் தயங்கினார்கள். அந்நிலையை மாற்றித் தமிழ் நாடகத்திற்கு நல்ல பாடல்களையும் கட்டுப்பாடான மேடையையும் தந்தவர்களுள் முதன்மையானவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரனார் இராமாயணத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். தாயார் பேச்சியம்மாள். தமிழின் தொடக்கப் பாடங்களைத் தந்தையாரிடமே கற்ற சங்கரன், பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளை அணுகி இலக்கணமும் இலக்கியமும் பயின்றார். பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாடல்களும் இயற்றும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது.

ஆனால், கவிதை வயிற்றை நிரப்பாது அல்லவா? அவர் சில காலம் உப்பளத்தில் கணக்கராக வேலை செய்தார். பகலில் உப்பு மூட்டைகளைக் கணக்கிட்டாலும், அவர் மனம் பாட்டிலும் நாடகத்திலுமே இருந்தது. இறுதியில், 24ஆம் வயதில் அவ்வேலையை விட்டுவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார். நிலையான வருமானத்தைத் துறந்து, ஊர் மதிக்காத தொழிலைத் தேடிச் சென்ற அந்த முடிவே அவர் வாழ்வின் திருப்புமுனையாக அமைந்தது.

அந்நாளில் நாடக மேடை புதுக்கோலம் பூண்டிருந்தது. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களும் மராத்தி நாடகக் குழுக்களும் வண்ணத்திரைகள், பக்கத்தட்டிகள் ஆகியவற்றைத் தமிழ்நாட்டிற்கு அறிமுகம் செய்திருந்தன. திறந்தவெளியில் ஆடப்பட்ட கூத்து, கொட்டகைக்குள் நுழைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் பினாங்கில் பார்சி நாடகங்களின் தாக்கத்தால் மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகமும் தோன்றியது. தமிழின் இசை நாடகமும் பங்சாவானும் பாட்டையும் கதையையும் இணைத்து, இரவு நேரத்தில் மக்களை ஈர்த்த உடன்பிறப்புகள் எனலாம்.

சங்கரதாசர் கல்யாணராமையர் முதலியோரின் நாடகக் குழுக்களில் நடித்தார். உயர்ந்த உடலும் இடிபோன்ற குரலும் கொண்டிருந்ததால் இராவணன், இரணியன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவருக்கே உரியவையாயின. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் அவர் குரல் தெளிவாக எட்டியது.

அந்தப் புகழே அவருக்குத் துயரத்தையும் தந்தது. ஓரிரவு அவர் நள தமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்தார். உடல் முழுவதும் கரிய எண்ணெய்ப்பூச்சு. நாடகம் விடியற்காலையில் முடிந்ததும், வேடத்தைக் கலைக்க நீர்நிலையை நோக்கி நடந்தார். அரையிருட்டில் எதிரே வந்த பெண் ஒருத்தி அவ்வுருவத்தைக் கண்டு அஞ்சி, அங்கேயே விழுந்து உயிர்விட்டாள் என்பது நாடக உலகில் வழங்கிவரும் செய்தி. அவர் எமனாக நடித்தபோது, அவையில் இருந்த கருவுற்ற பெண் ஒருத்தி பேரச்சத்தால் பாதிக்கப்பட்டாள் என்றும் கூறுவர். தம் நடிப்பு ஓர் உயிருக்குத் தீங்காகிவிட்டதே என்று சங்கரதாசர் மனம் கலங்கினார். கைத்தட்டல் குறையாத காலத்திலேயே வேடம் புனைவதைக் கைவிட்டார்.

அதன்பின் அவர் துறவு மனப்பான்மையுடன் திருத்தலங்களுக்குச் சென்று வந்தார். அவரை மக்கள் சுவாமிகள் என்று அழைக்கலாயினர். அவர் இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. புதுக்கோட்டைக்குச் சென்றபோது, கஞ்சிராக் கலையில் ஒப்பற்று விளங்கிய மான்பூண்டியா பிள்ளை அவரை அன்போடு வரவேற்றுத் தம் வளர்ப்பு மகனாகவே ஏற்றுக்கொண்டார். அங்கே தங்கியிருந்த நாள்களில் சுவாமிகள் தாளத்தின் நுட்பங்களைக் கற்றுத் தேர்ந்தார். பழனியில் பெற்ற தமிழும் புதுக்கோட்டையில் பெற்ற தாளமும் அவரிடம் ஒன்றுசேர்ந்தன. நடிகர் நாடகாசிரியர் ஆனார்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ஜுனா, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், இலவகுசா, பிரகலாதன் எனப் பல நாடகங்களை அவர் எழுதினார். பாமரரும் அறிந்த கதைகளையே எடுத்துக்கொண்டார். ஆனால், அவற்றில் திருக்குறளின் கருத்துகளையும் பழந்தமிழ் நூல்களின் நயத்தையும் கலந்து தந்தார். பள்ளிக்கூடத்தையே பாராத ஏழை எளியவர்கள், அவர் நாடகங்களைப் பார்த்தே இலக்கியச் செய்திகளைத் தெரிந்துகொண்டார்கள்.

இருப்பினும், ஒரு குறை அவரை வாட்டிக்கொண்டே இருந்தது. அன்றைய நடிகர்கள் பலர் ஒத்திகைக்கு வருவதில்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். கதையை மறந்து, ஒருவரை ஒருவர் மடக்குவதற்காக மனம்போன போக்கில் வாதிடுவார்கள். எழுதிய நாடகம் ஒன்றாகவும் நடிக்கப்பட்ட நாடகம் வேறொன்றாகவும் இருந்தது. பழகிப்போன பெரியவர்களைத் திருத்துவதைவிடச் சிறுவர்களைத் தொடக்கத்திலிருந்தே பயிற்றுவிப்பது மேல் என்று சுவாமிகள் முடிவு செய்தார்.

1910ஆம் ஆண்டில் அவர் சமரச சன்மார்க்க சபை என்னும் நாடகக் குழுவை அமைத்தார். பிற்காலத்தில் இசையுலகில் பெரும்புகழ் பெற்ற எஸ்.ஜி. கிட்டப்பா அக்குழுவில் பயின்றவர். பின்னர், 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கப்பட்டது. சுவாமிகளே அதன் ஆசிரியர். அச்சபையில் சேர்ந்த சிறுவர்களுள் டி.கே. சங்கரன், டி.கே. முத்துசாமி, டி.கே. சண்முகம் ஆகிய உடன்பிறந்தார் மூவரும் அடங்குவர். அப்போது சண்முகத்திற்கு ஆறு வயதுதான்.

பால சபை ஒரு குருகுலம் போலவே நடந்தது. சிறுவர்கள் ஆசிரியரோடு தங்கி, உண்டு, பாட்டும் வசனமும் பயின்றார்கள். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றார்கள். ஒரு சொல்லின் உச்சரிப்புப் பிழைத்தாலும் சுவாமிகள் பொறுக்கமாட்டார். அவர் கண்டிப்பைக் கண்டு சிறுவர்கள் நடுங்கினார்கள். வீட்டையும் பள்ளியையும் பிரிந்து, ஊர் ஊராகச் சென்று இரவெல்லாம் கண்விழித்து நடிப்பது பிஞ்சு வயதினருக்கு எளிதான வாழ்க்கை அன்று. ஆயினும், அங்கே பெற்ற தமிழும் ஒழுங்கும் அவர்களுடைய வாழ்நாள் முழுவதும் துணைநின்றன.

சுவாமிகளின் புலமைக்கு ஒரு நிகழ்ச்சியே சான்றாகும். சிறுவன் சண்முகத்தின் திறமையைக் கண்ட அவர், அவனுக்காகவே ஒரு நாடகம் எழுத விரும்பினார். ஓரிரவு உணவுக்குப் பிறகு விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு எழுத அமர்ந்தார். பொழுது விடிவதற்குள் அபிமன்யு சுந்தரி என்னும் நாடகம் முழுமையாக உருவாகிவிட்டது. நான்கு மணி நேரம் நடிக்கக்கூடிய அந்நாடகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் இருந்தன.

1921ஆம் ஆண்டில் சுவாமிகளைப் பக்கவாத நோய் தாக்கியது. கையும் காலும் செயலிழந்தன. கொட்டகையையே அதிரவைத்த குரலும் அடங்கிப் போயிற்று. இனி அவரால் பாட முடியாது. பாடல் சொல்லிக்கொடுக்கவும் முடியாது. ஆனால், சபை நின்றுவிடவில்லை. அவர் முன்பே பயிற்றுவித்திருந்த சிறுவர்கள் அவர் எழுதியவற்றை எழுதியவாறே நடித்தார்கள். சபை சென்ற ஊர்களுக்கு அவரும் உடன் அழைத்துச் செல்லப்பட்டார். தம்முடைய சொற்கள் பிள்ளைகளின் வாயிலிருந்து பிழையின்றி வெளிவருவதை அவர் பேச இயலாத நிலையில் கேட்டிருந்தார்.

1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இரவு, புதுச்சேரியில் சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தார். அங்குள்ள கருவடிக்குப்பத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இன்றும் நாடகக் கலைஞர்கள் அவ்விடத்திற்குச் சென்று வணங்கி வருகிறார்கள்.

சுவாமிகளின் மாணவர்கள் அவர் பணியைத் தொடர்ந்தார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் 1925ஆம் ஆண்டில் தங்களுக்கென ஒரு நாடக சபையைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்தினார்கள். ஔவையார் வேடமேற்றுச் சிறப்பாக நடித்ததால் சண்முகம், ஔவை சண்முகம் என்று அழைக்கப்பட்டார். தம் ஆசிரியரின் வாழ்வையும் நாடகங்களையும் அடுத்த தலைமுறை அறியுமாறு எழுதிவைத்தவரும் அவரே. பேசும் படம் வந்தபோது, பவளக்கொடியும் வள்ளி திருமணமும் திரையேறின. 1934ஆம் ஆண்டில் வெளிவந்த பவளக்கொடி படத்தின் மூலமே எம்.கே. தியாகராஜ பாகவதர் திரையுலகிற்கு அறிமுகமானார்.

தமிழ் நாடகக் குழுக்கள் கடல் கடந்து இலங்கை, சிங்கப்பூர், மலாயா ஆகிய நாடுகளுக்கும் சென்றன. தாயகத்தைப் பிரிந்து தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கு அக்கதைகளும் பாடல்களும் ஊர் நினைவைத் தந்தன. யாழ்ப்பாணத்தில் அவ்விசை நாடக மரபு இன்றளவும் போற்றப்படுகிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் கோவில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இப்போதும் விடிய விடிய நடக்கிறது.

சிறந்த நடிகராக மட்டுமே வாழ்ந்திருந்தால், சுவாமிகளின் கலை அவர் குரலோடு அடங்கியிருக்கும். தாம் பெற்றதைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்ததால்தான் அது அவருக்குப் பின்னும் நிலைத்தது. நாடகத் தமிழின் தலைமையாசிரியர் என்று உலகம் அவரை அழைப்பது மிகவும் பொருத்தமே.