ராபர்ட் வைட் துரையும் நீலகிரி வாடாப் பூக்களும்

திருவாலங்காட்டைச் சூழ்ந்த வயல் வரப்புகளிலே கரிசலாங்கண்ணி என்னும் பெயரால் இரு செடிகள் வழங்கும். ஒன்று வெண்பூவுடையது, மற்றொன்று மஞ்சட்பூவுடையது. மருந்துக்கெனக் கீரை பறிக்கும் முதியோர் பூக்கண்டு இவற்றைப் பிரித்தறிவர். பூவாத காலத்தில் அவர்களும் சிறிது தயங்குவர். சமவெளியிலேயே இவ்வாறாயின், இதே சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த மலைச்செடிகளைப் பற்றிக் கேட்பானேன்? தொட்டபெட்டாச் சரிவின் புல்வெளிகளில் அனாபாலிஸ் என்னும் வெள்ளைப் பூண்டுகள் மலிந்துள்ளன. பறித்து ஆண்டு பல கழியினும் அவற்றின் பூ வாடுவதில்லை. நாம் இதழென எண்ணுவது இதழன்று, காகிதம் போன்ற உலர்ந்த செதிலே யாதலின். யாமும் ஒருமுறை அங்கே ஒரு கைப்பிடி பறித்து வைத்து, அவற்றுள் எத்தனை இனம் உள்ளன என்று துணிய மாட்டாது மயங்கினோம். அம்மயக்கம் தீரப் பெரிதும் உழைத்தவருள் முன்னிற்பவர் டாக்டர் ராபர்ட் வைட்.

இவர் 1796ஆம் ஆண்டு ஸ்காத்லாந்திலே பிறந்து, எடின்பரோவில் வைத்தியப் பட்டம் பெற்று, 1819இல் கும்பெனிப் படையின் உதவி ரணசிகிச்சை வைத்தியராய்ச் சென்னை மாகாணம் வந்து சேர்ந்தார். 1826இல் இயற்கை நூலாராய்ச்சி உத்தியோகம் இவருக்குக் கிட்டியது. இரண்டே ஆண்டுகளில் கவர்னர் லஷிங்டன் செலவைச் சுருக்க எண்ணி அவ்வுத்தியோகத்தையே எடுத்துவிட்டார். வேறொருவராயின் செடிகளை மறந்து சிகிச்சையோடு அமைந்திருப்பர். இவரோ நாகப்பட்டினத்துப் படை வைத்தியராய்ச் சென்றும் ஆட்களை வைத்துச் செடி சேர்த்தலை விட்டாரில்லை. 1831இல் விடுப்பிற் சென்றபோது கப்பலேற்றிய உலர்செடிகள் ஏறத்தாழ ஒரு லட்சம்.

ஆங்கு வாக்கர் ஆர்னட்டுடன் கூடி 1834இல் தென்னிந்தியத் தாவர நூலின் முதற்பாகத்தை வெளியிட்டார். அப்பாகம் சூரியகாந்திக் குடும்பத்தின் வாயிலிலேயே நின்றுவிட்டது. அக்குடும்பத்தை ஜெனீவா நகரத்துப் பேரறிஞர் தெ கந்தோல் ஆராய்ந்தெழுத, அதே ஆண்டில் வைட் அதனைத் தனிநூலாக அச்சிட்டார். மலைப்பூண்டுகளுள் ஒன்று வைட்டியானா என இவர் பெயரையும், மற்றொன்று நீல்கெர்ரியானா என மலையின் பெயரையும் தாங்குகின்றன.

இவற்றைப் பிரித்தறிவதெப்படி? பூ ஏறக்குறைய ஒன்றுபோலவே யிருத்தலின், இலையையே முதலில் நோக்கல் வேண்டும். நீல்கெர்ரியானாவின் இலை சிறுத்துக் குறுகித் தண்டிலே நெருங்கி அடர்ந்திருக்கும். அரிஸ்டேட்டாவின் இலைநுனி மயிர்போல் நீளும். எலிப்டிகாவின் இலை அகன்றது. மார்செசென்ஸ் என்பதற்கு உதிராமல் வாடுவது என்பது பொருள். இதற்கு அப்பெயரிட்டவர் வைட்டே. இலையடி தண்டோடு ஒட்டி இறங்குகின்றதா, நரம்பு ஒன்றா மூன்றா, பஞ்சு போன்ற மயிர் இருபுறமும் உண்டா என்பனவும் ஆராயத்தக்கன. மேலும் ஓர் இடர் உண்டு: ஒரு செடியின் தலைகளிற் பெரும்பாலும் பெண்பூவே நிறையும்; பிறிதொன்றில் ஆண்தொழில் புரிவனவே நிறையும். ஆகவே ஓரினத்தின் இரு செடிகளை இரண்டினமெனக் கொள்ளுதல் எளிது. காற்றடிக்கும் சிகரத்திற் குறுகி வெளுப்பது மறைவிடத்தில் நெடிது பசுத்து வளர்தலும் கூடும். ஜெனீவாவில் இருந்தவர் கண்டன காகிதத்தில் ஒட்டிய துண்டுகளே. அவர் கண்ட இனங்களுட் சில பின்வந்தோரால் ஒன்றாக இணைக்கப்பட்டதில் வியப்பில்லை. மலையில் நின்று உயிர்ச்செடியைக் கண்ட வைட்டின் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

1834இல் திரும்பிய வைட் பாளையங்கோட்டையில் வைத்தியராய் இருந்தார். பின்பு 1842 முதல் கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிடும் பணி இவர் தலையில் ஏற்றப்பட்டது. அது பெரும்பயன் தரவில்லை. எனினும் 1838 முதல் 1853 வரை இவர் வெளியிட்ட படநூலின் ஆறு பாகங்களில் 2,101 தகடுகள் உள்ளன. நீலகிரிச் செடிகட்கெனத் தனிப்படநூலும் உண்டு.

இப்படங்களை வரைந்தோர் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டுச் சித்திரக்காரரே. மயிரையும் நரம்பையும் காட்டாத படம் இக்கலையிற் பயனற்றது. அவர்கள் கை அவற்றைத் தப்பவிட்டதில்லை. வைட் அவர்கள் பெயரைத் தகடுகளிற் பொறித்ததோடு, ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் கோவிந்தூயா எனவும் பெயரிட்டார். பின்னாளைய அறிஞர் அதனை வேறொரு பேரினத்துள் அடக்கிவிட, அப்பெயர் வழக்கொழிந்தது.

1853இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற வைட், தம் சேகரத்தைக் கியூ தோட்டத்திற்கு அளித்து, 1872ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் தேதி காலமானார்.