கோட்டையை விட்டு வடலூர் வந்தவர்
ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் வாழ்க்கை

பண்ருட்டியிலிருந்து தெற்கே போகும் பஸ், காடாம்புலியூரைத் தாண்டிச் செல்கிறது. வழியெங்கும் முந்திரித் தோப்புகள், பலா மரங்கள். நெய்வேலிக்குத் திரும்பும் வளைவையும் கடந்து போனால் வடலூர் வந்துவிடும்.

வடலூர், வள்ளலார் ராமலிங்க அடிகளின் ஊர். பசித்தவர்களுக்குச் சோறு போடுவதற்காக, 1867-ம் ஆண்டில் அவர் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

அந்த வடலூரைத் தேடி ஒருவர் வந்தார். பிழைப்புத் தேடி வந்தவர் அல்ல. சென்னை ராஜதானி முழுவதற்கும் தலைவராக இருந்தவர் அவர். நாடு சுதந்திரம் பெற்ற நாளில் சென்னைக் கோட்டையில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர். பதவி போனதும், அனாதைக் குழந்தைகளுக்கு ஆதரவு தர அவர் இங்கே வந்து சேர்ந்தார்.

அவர்தான் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்.

விவசாயி வீட்டுப் பிள்ளை

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓமந்தூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில், 1895-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி ராமசாமி பிறந்தார். பள்ளிப் படிப்பு திண்டிவனத்தில் நடந்தது. உழவும் அறுவடையும், வரி கட்ட முடியாமல் உழவன் படும் பாடும், அவர் சிறு வயது முதல் கண்ணால் கண்டவை.

காந்தியடிகளின் வழியில் அவர் காங்கிரசில் சேர்ந்தார். கதர் உடுத்தினார். சிறைக்கும் போனார். தென்னாற்காடு ஜில்லாவில் காங்கிரஸ் என்றால் ஓமந்தூரார் என்று சொல்லும் அளவுக்கு அவர் பெயர் பரவியது.

அரசியலில் இருந்தாலும் அவர் மனம் ஆன்மிகத்தில் ஊறியிருந்தது. திருவண்ணாமலை ரமண மகரிஷியிடம் அவருக்கு அளவற்ற பக்தி. வள்ளலாரின் வழியிலும் அவருக்குப் பெரும் ஈடுபாடு.

தேடி வந்த பதவி

1946-ல் ஆந்திரத் தலைவர் பிரகாசம், சென்னை ராஜதானியின் பிரதமரானார். மாகாண ஆட்சியின் தலைவரை அக்காலத்தில் பிரதமர் என்றே அழைத்தார்கள். 1950-ல் குடியரசு மலர்ந்த பிறகுதான் முதலமைச்சர் என்ற பெயர் வந்தது.

ஓராண்டுக்குள் பிரகாசம் மந்திரி சபை கவிழ்ந்தது. அடுத்தது யார்? எல்லோருடைய பார்வையும் ஓமந்தூரார் மீது விழுந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரும் அவரை ஆதரித்தார்.

ஓமந்தூராரோ தயங்கினார். பதவி அவர் கேட்டது அல்ல. ஆனாலும் நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி, 1947 மார்ச் 23-ந் தேதி பொறுப்பு ஏற்றார்.

அன்றைய சென்னை ராஜதானி மிகப் பெரியது. தமிழ்நாட்டோடு ஆந்திரமும், ராயலசீமையும், மலபாரும், தென் கன்னடமும் அதில் அடங்கியிருந்தன. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என நான்கு மொழி பேசும் மக்களை ஆளும் பொறுப்பு, ஒரு கிராமத்து விவசாயியின் தோளில் ஏறியது!

ஐந்தாவது மாதம், ஆகஸ்டு 15-ந் தேதி, நாடு விடுதலை பெற்றது.

இரண்டே ஆண்டு, எத்தனை சட்டம்!

அவர் ஆண்டது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில் செய்த வேலையோ ஏராளம்.

ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-ல் நிறைவேறியது. தீண்டாதார் என்று ஒதுக்கி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், ராஜதானியில் உள்ள எந்த இந்துக் கோவிலுக்குள்ளும் சென்று வழிபடும் உரிமையை அந்தச் சட்டம் கொடுத்தது.

அதே ஆண்டில், சிறு பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அந்தக் கொடுமையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகளாகப் போராடி வந்தார். அந்தப் போராட்டம் ஓமந்தூரார் காலத்தில் வெற்றி கண்டது.

1948 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், ராஜதானி முழுவதும் மதுவிலக்கு வந்தது. கள்ளினால் கிடைத்த வருமானம் சர்க்காருக்குப் போயிற்று. கூலியைக் கடையில் தொலைத்துவிட்டு வரும் கணவனுக்காகக் காத்திருந்த பெண்கள் ஆறுதல் அடைந்தார்கள்.

1949 மார்ச்சில், பாரதியாரின் படைப்பு உரிமைகளைச் சர்க்காரே பெறும் என்று கல்வி மந்திரி அவினாசிலிங்கம் சட்டசபையில் அறிவித்தார். பின்னர் அவை மக்களுக்கே பொதுவாயின. இன்று பாரதி பாடலை யாரும் தடையின்றி அச்சிடலாம், பாடலாம் என்றால் அதற்கு அடிகோலியது அந்த மந்திரி சபை.

ஜமீன்களின் முடிவு

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது ஜமீன் ஒழிப்பு.

1802-ல் வெள்ளைக் கும்பினியார் ஜமீன்தாரி முறையைச் சட்டமாக்கினார்கள். ஜமீன்தார் கும்பினிக்கு ஒரு குறிப்பிட்ட தொகையைக் கட்டிவிட வேண்டும். உழுபவனிடம் வாங்குவது அவர் பாடு. ஆகவே உழவன் பாடு திண்டாட்டம் ஆயிற்று.

ஓமந்தூரார் சர்க்கார் முதலில், 1947-ல், ஜமீன் நிலங்களின் வாரத்தைக் குறைத்தது. மறு ஆண்டு ஜமீன்களையே ஒழிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜமீன்தார்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்து, ஜமீன்களைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். உழவன் இனிமேல் நேராகச் சர்க்காருக்கே வரி கட்டுவான். அவன் பெயருக்கே பட்டா கிடைக்கும்.

கோவில், மடங்களின் சொத்துக்களுக்கு ஒழுங்கான கணக்கு வேண்டும் என்று ஒரு மசோதாவும் வந்தது. மடாதிபதிகள் பலர் அதை எதிர்த்தார்கள். ஆனால் கணக்குக் கேட்டவர் நாத்திகர் அல்லவே! பழுத்த பக்தர் ஆயிற்றே! அந்த முயற்சி 1951-ல் இந்து சமய அறநிலையச் சட்டமாக முடிந்தது.

அவருடைய ஆட்சியில் எல்லோரும் திருப்தி அடைந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1948-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானது. அதை எதிர்த்துப் பெரியார் தலைமையில் பெரும் கிளர்ச்சி நடந்தது. கருஞ்சட்டைப் படைக்குத் தடை விதித்ததும் இந்த ஆட்சிதான். அவர் பிடித்தால் பிடித்த பிடி என்ற குறையும் கட்சிக்குள் எழுந்தது.

மூடிய சிபாரிசுக் கதவு

குறை எழுந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு.

சுதந்திரம் வந்ததும், நம்முடைய ஆட்சிதானே என்று, காரியம் முடித்துத் தரச் சொல்லிக் கட்சிக்காரர்கள் பலர் கோட்டைக்கு நடக்கத் தொடங்கினார்கள். நிர்வாகத்தில் கட்சி தலையிடுவதை ஓமந்தூரார் அனுமதிக்கவில்லை. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் அவரிடம் செல்லவில்லை.

தேசத்துக்காகச் சிறை சென்றவர்கள்தாம் அப்படி வந்தவர்களில் பலர். அவர்களுக்கு மனத்தாங்கல் ஏற்பட்டதும் இயற்கையே. அவரைப் பதவியில் அமர்த்திய கட்சியே அவரை விட்டு விலகியது. காமராஜரின் ஆதரவும் இல்லாமல் போயிற்று. 1949 ஏப்ரல் 6-ந் தேதி குமாரசாமி ராஜா பிரதமரானார். ஓமந்தூரார் கோட்டையை விட்டு வெளியேறினார்.

சரியாகப் பதின்மூன்றாம் நாள், ஏப்ரல் 19-ந் தேதி, ஜமீன் ஒழிப்புச் சட்டம் அரசிதழில் வெளிவந்தது. நட்டவர் ஒருவர், அறுவடையின்போது களத்து மேட்டில் நின்றவர்கள் வேறு பேர்.

வடலூர் வாழ்வு

பதவி இழந்தவர்கள் மறுபடியும் பதவிக்கு வழி பார்ப்பது உலக வழக்கம். ஓமந்தூரார் வடலூருக்கு வழி பார்த்தார்.

அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். தாய் தகப்பன் இல்லாத குழந்தைகளுக்கு அது வீடாயிற்று. சோறு போட்டதோடு நிறுத்தாமல், அவர்கள் படிக்கப் பள்ளிகளும் ஏற்படுத்தினார். வள்ளலார் பசியைப் போக்க அடுப்பு மூட்டிய ஊரில், அறிவுப் பசியைப் போக்கவும் வழி பிறந்தது.

அருகே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் தோன்றியது. காட்டையும் மேட்டையும் வெட்டி, பூமிக்கடியில் இருந்த செல்வத்தை வெளியே கொண்டுவந்தார்கள். பக்கத்து ஊரிலோ, கேட்பாரற்றுக் கிடந்த பிள்ளைகளிடமிருந்து வேறு ஒரு செல்வம் வெளிப்பட்டுக்கொண்டிருந்தது.

1970 ஆகஸ்டு 25-ந் தேதி, தமது 75-வது வயதில் ஓமந்தூரார் காலமானார்.

சென்னை அண்ணா சாலையில் அவர் பெயரால் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் இருக்கிறது. அங்கே 2010-ல் புதிய சட்டசபைக் கட்டடம் எழுந்தது. 2014-ல் அதுவே ஏழை எளியவர்களுக்குச் சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனையாக மாறியது. கோட்டையை விட்டுத் தொண்டுக்குப் போன மனிதரின் பெயர் தாங்கிய இடமும், அவரைப் போலவே தொண்டுக்குப் போய்விட்டது!