மூளைக்கும் வைத்தியம் உண்டு



டாக்டர் பி. ராமமூர்த்தி என்றால் நம் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்குத் தெரியும். நம்ம வயசுக்காரங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்டார். தமிழ்நாட்டில் மூளை அறுவை சிகிச்சைக்குப் பாதை போட்ட முன்னோடி அவர். அந்த வாழ்க்கையை நம் மலரில் எழுதி வைக்க ஆசைப்பட்டேன்.

1922 ஜனவரி 30-ல் சீர்காழியில் பிறந்தார். திருச்சியில் பள்ளிப் படிப்பு. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் படிப்பு. 1947-ல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம். பிறகு இங்கிலாந்தின் நியூகாசிலில் மூளை அறுவை சிகிச்சை கற்றார். அங்கிருந்து கனடாவுக்கும் போனார். மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியல் நிலையத்தை நடத்திய வைல்டர் பென்ஃபீல்டிடம் சில மாதங்கள் இருந்தார்.

பென்ஃபீல்டு செய்தது உலகமே வியந்த ஆராய்ச்சி. மூளைக்கு வலி தெரியாது. ஆகவே தலைத் தோலை மட்டும் மரக்க வைத்து, நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையைத் திறப்பார். மெல்லிய மின்சாரத்தால் மூளையைத் தொடுவார். ஒரு இடத்தில் தொட்டால் கை அசையும். இன்னொரு இடத்தில் தொட்டால் பேச்சு நின்றுபோகும். சிலருக்கு எப்போதோ நடந்தது ஞாபகம் வரும்! இப்படி மூளையின் எந்தப் பகுதிக்கு என்ன வேலை என்று வரைபடமே போட்டுவிட்டார். வலிப்பு உண்டாக்கும் இடத்தையும் இப்படித்தான் கண்டுபிடித்து நீக்கினார்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். எங்கள் இரும்பைப் பக்கத்தில் ஒருத்தர் காக்கா வலிப்பு வந்து விழுந்தால் உடனே சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணிப்பார்கள். வலிப்பு நின்றதும் இரும்புதான் நிறுத்தியது என்பார்கள். உண்மையில் வலிப்பு என்பது மூளைச் செல்களில் மின்சாரம் கட்டுப்பாடு இல்லாமல் பாய்வது. பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்தில் தானே அடங்கிவிடும். பேரு வாங்குவது என்னவோ இரும்பு! இன்றைக்கே இப்படி என்றால், 1950-ல் எப்படி இருந்திருக்கும்?

அந்த 1950 அக்டோபரில்தான் ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியிருந்தார். அப்போது ஸ்கேன் கிடையாது. சி.டி. ஸ்கேன் வந்ததே 1971-ல்தான். மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த நிழலைப் பார்த்துக் கட்டி எங்கே இருக்கிறது என்று கணிக்க வேண்டும். சொந்த ஆஸ்பத்திரி கட்டிப் பணக்காரர்களுக்கு மட்டும் பார்க்கலாம். அவர் ஆரம்பித்தது காசில்லாதவனும் போய்ப் படுக்கக்கூடிய சர்க்கார் ஆஸ்பத்திரியில்! இதைத்தான் அவருடைய முதல் பெருமையாக நான் நினைக்கிறேன். 1951-ல் சாண்டி, ராமமூர்த்தி உட்பட நாலே டாக்டர்கள் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

அவருடைய குழு செய்த ஸ்டீரியோடாக்ஸிக் சிகிச்சை நம்மைப் போன்ற மெக்கானிக்கல் பசங்களுக்குச் சுலபமாகப் புரியும். டிரில்லிங் மெஷினில் ஜிக் மாட்டி, அளவு பார்த்துத் துளை போடுகிறோம் இல்லையா? அதே மாதிரி தலையில் ஒரு உலோகச் சட்டத்தைப் பொருத்துவார்கள். எக்ஸ்ரே பார்த்து, நீளம் அகலம் ஆழம் என மூன்று அளவு எடுப்பார்கள். சின்னத் துளை வழியே மெல்லிய கருவியைச் செலுத்தி, மூளையின் நடுவில் குறிப்பிட்ட ஒரு புள்ளியை மட்டும் தொடுவார்கள். கை நடுங்கிக்கொண்டே இருந்த பார்க்கின்சன் நோயாளிக்கு நடுக்கம் குறையும். ஜிக் தவறினால் நமக்கு ஒரு ஜாப் போகும். அங்கே ஒரு மனுஷனின் பேச்சு போகும்.

இதே முறையை, கட்டுக்கடங்காத மூர்க்கம் உள்ள நோயாளிகளுக்கும் அந்தக் குழு செய்தது. இப்படிப்பட்ட சிகிச்சைகளுக்குப் பிற்காலத்தில் உலகம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. நோயைத் திருத்துவது எதுவரை, ஆளையே மாற்றுவது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. இதையும் மறைக்காமல் சொல்வதுதான் நியாயம்.

அந்தக் குழுவில் டாக்டர் டி.எஸ். கனகா என்ற பெண்மணியும் இருந்தார். ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர்களில் ஒருவர். நம் மாணவிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

அரசுப் பணி முடிந்த பின்பு ராமமூர்த்தி அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையில் தொடர்ந்து உழைத்தார். சிகிச்சை மட்டும் போதாது, மூளை எப்படி வேலை செய்கிறது என்று நம் நாட்டிலேயே ஆராய வேண்டும் என்பது அவர் எண்ணம். ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாகப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். நிகர்நிலைப் பல்கலைக்கழகமான அந்த மையம், ஞாபகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் அல்சைமர் நோயைப் பற்றியும் ஆராய்ந்து வருகிறது.

எங்கள் ஆயாவுக்கு இப்போதெல்லாம் காலையில் சாப்பிட்டது சாயங்காலம் ஞாபகம் இருப்பதில்லை. வயசானா அப்படித்தான் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான், தைராய்டு குறைவாலும் பி12 வைட்டமின் குறைவாலும்கூட மறதி வரும், அதை மருந்தால் சரிசெய்ய முடியும் என்று தெரிந்தது. எங்க குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துச் சொல்வதும் என் வேலைதான். அடுத்த வாரம் ஆயாவை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறேன்.

ராமமூர்த்தி 2003 டிசம்பர் 13-ல் காலமானார். மூன்றே நாளில், டிசம்பர் 16-ல், குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அந்த மூளை ஆராய்ச்சி மையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதைப் பார்க்க அவர் இல்லை.

அவருக்கு நாம் சிலை வைக்க வேண்டாம். நாளைக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் வலிப்பு வந்து விழுந்தால், சாவியைத் தேடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். மணி பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-க்குப் போன் போடுங்கள். அதுவே அந்த சீர்காழிக்காரருக்கு நாம் செய்யும் மரியாதை.



— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை