கோட்டையில் கேட்ட நாதம்

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூர்ச் சபாக்களிலும் தியாகராய நகர் வாணி மகாலிலும் வயலின் இல்லாத மேடையைக் காண்பது அரிது. அது நம் முப்பாட்டன் காலத்துச் சொத்து என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது கடல் கடந்து வந்த விருந்தாளி. அவ்விருந்தாளியை வீட்டுப் பிள்ளையாக்கிய முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர். பிடில் பயிலும் மாணவன் என்ற முறையில் அவர் வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகிறேன்.

1786இல் பிறந்த பாலுசுவாமியின் தந்தை, ஹம்சத்வனி இராகத்தை வகுத்த இராமசுவாமி தீட்சிதர். மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் மூத்த தமையன், சின்னசுவாமி அடுத்தவர். மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இக்குடும்பம் திருவாரூரை விட்டுச் சென்னையை அடுத்த மணலியில் குடியேறியது. முதலியாரின் மகன் வேங்கடகிருஷ்ணர் கும்பினியாரின் துபாஷி. அவருடன் புனித ஜார்ஜ் கோட்டைக்குச் சென்ற சகோதரர்கள், ஐரோப்பியர் வாசித்த பேண்டு வாத்தியத்தைக் கேட்டனர்.

கேட்ட இசை ஒன்று. விளைந்த பயன் இரண்டு. அண்ணன் அம்மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். நோட்டுஸ்வரம் எனப்படும் அவ்வுருப்படிகளுள் ஒன்று ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டிலேயே அமைந்தது. தம்பியோ கருவியைக் கையில் எடுத்தார். முதலியார் ஓர் ஐரோப்பிய வாசிப்பாளரை அமர்த்த, மூன்றாண்டுகள் பயின்றார் பாலுசுவாமி.

அவருடைய பெருமை பயின்றதோடு முடியவில்லை. வீணையின் தண்டில் மெட்டுகள் உண்டு, வயலினில் இல்லை. விரல் தடையின்றி வழுக்கிச் செல்லலாம். வில்லோ நாதத்தை அறுபடாமல் நீட்டும். நம் கமகங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிறர் இசைக்கென்று பிறந்த கருவியில் நம் இசைக்கு ஏற்ற குணத்தைக் கண்டுகொண்ட செவியே அவரது பெருஞ்செல்வம் என்பேன். தரையில் அமர்ந்து, கருவியின் தலையைக் கணுக்காலில் தாங்கி, தந்திகளை ச-ப-ச-ப எனச் சுருதி கூட்டும் இன்றைய முறை முழுவதையும் அவர் ஒருவரே வகுத்தார் என்று கூறிவிட முடியாது. முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கரான தஞ்சை வடிவேலுவுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார்.

வாழ்வு பாலுசுவாமிக்கு மலர்ப்பாதையாக இல்லை. 1817இல் தந்தையையும் பின்னர்ச் சின்னசுவாமியையும் இழந்தார். துயருற்றுத் தெற்கே சென்றவரை எட்டயபுரம் அரண்மனை ஆஸ்தான வித்துவானாக ஏற்றது. தம்பியைத் தேடி அங்கு வந்த முத்துசுவாமி தீட்சிதரும் 1835 தீபாவளியன்று அவ்வூரிலேயே மறைந்தார். பாலுசுவாமி தம் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமனைத் தத்தெடுத்து வளர்த்தார். 1904இல் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்ற பெருநூலை வெளியிட்டு, தீட்சிதர் கீர்த்தனைகளை அழியாமல் காத்தவர் அந்தச் சுப்பராம தீட்சிதரே.

தாத்தாவின் வாசிப்பைப் பதிவு செய்யக் கருவி இல்லாத காலம் அது. ஆயினும் அவர் தொடங்கிய பயணம் நிற்கவில்லை. 1970களில் போலந்து நாட்டு ஸ்பிக்னியெவ் சைஃபர்ட் வயலினை ஜாஸ் இசைக்கு வசப்படுத்தியபோது, நம் எல். சங்கர் 'சக்தி' குழுவில் ஜான் மெக்லாஃப்லினுடன் கர்நாடக வயலினை உலக மேடைக்குக் கொண்டு சென்றார்.

அடையாற்றங்கரையில் கும்பினி அதிகாரி பிராடி கட்டிய மாளிகையில் பிற்காலத்தில் அரசு இசைக்கல்லூரி அமைந்தது. ஆள வந்தவர் கட்டிய மனையில் அவர் நாட்டு வயலினே கல்யாணியும் தோடியும் பேசியது!

மாணவ நண்பர்களே, பிறர் பொருளைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதும் தவறு. மயங்கித் தன்னை இழப்பதும் தவறு. தன் இசையில் ஆழ வேரூன்றியவன் எந்த வாத்தியத்தையும் அச்சமின்றி ஏந்தலாம். பாலுசுவாமி ஏந்தினார், இன்றும் நாம் கேட்கிறோம்.